மாணவர் வகுக்கும் பாடம்: மதிப்பலகு யாருடையது?

பாடத்தை மாணவரே வகுத்து, அவரே கற்பிக்க, சக மாணவர் அதற்குக் கிரெடிட் எனும் மதிப்பலகு பெறும் முறை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ‘டீகால்’ என்ற பெயரில் 1981 முதல் நடைபெற்று வருகின்றது. இதனை மாணவர் வென்றெடுத்த முழு உரிமை எனப் போற்றுவோர் உளர். அதன் வரலாறு அவ்வாறு கொள்ள இடந்தரவில்லை.

1964ஆம் ஆண்டுப் பேச்சுரிமைப் போராட்டத்திற்குப் பின்னர் அங்கு மாணவர் முன்மொழியும் பாடங்களுக்கு வழி திறந்தது. 1968இல் அவ்வழியே அமைந்த ஒரு பாடத்தில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர் விரிவுரையாற்றவிருந்தார். ஆட்சிக்குழு அதனை எதிர்கொண்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. வகுப்பை அது மூடவில்லை, மதிப்பலகைப் பறித்தது. மாணவர் கட்டடங்களுள் புகுந்து மறியல் செய்தனர், பலர் கைதாயினர். பேசுவதற்கான உரிமையும் அப்பேச்சைக் கல்வியென ஏற்கும் அதிகாரமும் வேறு வேறு என்பது அன்றே தெளிவாயிற்று.

டீகால் இவ்வதிகாரத்தை மாற்றவில்லை. பொறுப்பாசிரியர் ஒருவரும் துறைத்தலைவரும் ஒப்பமிட்டாலன்றிப் பாடம் இல்லை. முடிவும் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற இரண்டே. தரவரிசைப் புள்ளி வழங்கப்படாமை மாணவ ஆசிரியரின் மதிப்பீட்டின்மீது நிறுவனம் கொண்டுள்ள ஐயத்தையே காட்டுகின்றது. அவ்வையம் முற்றிலும் தவறன்று.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு மதிப்பலகு 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். இரண்டு அலகுப் பாடமொன்று வாரம் இரண்டு மணி நேரமாக 14 வாரம் நடப்பின் வகுப்பில் கழிவது 28 மணி நேரமே. எஞ்சிய 52 மணி நேரமும் வாசிப்பும் எழுத்துமாம். அவ்வெழுத்தை யார் திருத்துவது?

ஜொகூரின் ஆயர் ஈத்தாமிலிருந்து பத்து பகாட் செல்லும் சாலையில் பாரிட் ராஜாவில் உள்ளது துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியப் பயிற்சி மையமாகத் தொடங்கி, 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. (கற்பிப்போரை உருவாக்கவே பிறந்த நிறுவனம் என்பது இங்குப் பொருத்தமே.) அங்குப் பொறியியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் மலேசியத் தமிழ்ச் சிறுகதையைத் தம் தோழர்க்குப் பாடமாக்க விழைவதாகக் கொள்வோம். சிறுகதைகளைத் தேர்ந்து தொகுக்கும் ஆற்றல் மாணவர்க்கு உண்டென்பதை மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘பேரவைக் கதைகள்’ பல்லாண்டுகளாக மெய்ப்பித்துள்ளது. ஆயினும் பொறியியல் புலத்தலைவர் ஒப்பமிடலாம். கதைகளை மதிப்பிட இயலாது. தமிழ் விரிவுரையாளர் மதிப்பிடலாம். பிற பல்கலைக்கழகத்தில் ஒப்பமிட அவர்க்கு உரிமையில்லை.

இவ்விடைவெளியை நிரப்பாமல் பெர்க்லியைப் பின்பற்றுமாறு மாணவரை ஊக்குதல் வெற்றுரையாகும். இந்திய ஆய்வியல் துறையினர் முதற்கண் கேட்டுப்பெற வேண்டியது, பிற பல்கலைக்கழகப் பாடமொன்றிற்கு இணைப் பொறுப்பாளராக அமர்ந்து கட்டுரைகளைத் திருத்தும் அனுமதியும், அவ்வுழைப்பைத் தம் பணிச்சுமையில் கணக்கிடும் ஏற்பாடும் ஆகும்.