மூச்சின் அளவும் மொழியின் அளவும்

நாட்பட்ட நுரையீரல் நோய்களை ஆராய்வோர்க்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, நோயாளி கருவியினுள் ஊதும் காற்றின் அளவு. மற்றொன்று, நோயாளி தம் மூச்சைப் பற்றித் தாமே சொல்லும் சொல். முன்னது எண், பின்னது மொழி. எண்ணே மெய், சொல்லோ ஐயத்திற்குரியது என்னும் கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத் தக்கது. நோயை மதிப்பிடும் வினாத்தாள்கள் மொழியால் ஆனவை; ஆதலின் அவற்றைத் திறனாயும் உரிமை மருத்துவர்க்கு மட்டுமன்றி மொழியறிந்தார்க்கும் உண்டு.

கருவியின் வரலாறு

மூச்சை அளக்கும் கருவிக்கு உரிய இடத்தை மருத்துவத்தில் தேடித் தந்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் ஹட்சின்சன். நீரில் கவிழ்த்த கலத்தினுள் ஒருவர் ஊத, கலம் எத்துணை உயர்கிறது என்பதைக் கொண்டு அவர் அளந்தார். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்போர், மற்போர் வீரர், ஏழையர் விடுதியினர் எனப் பல வகையினராகிய 2,130 பேரை அளந்து 1846-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். உயரம் மிகுந்தால் மூச்சின் கொள்ளளவு மிகும், முதுமை வந்தால் அது குறையும் என்பன அவர் கண்ட உண்மைகள். இன்றும் அவை மாறவில்லை.

ஆயின் கொள்ளளவு ஒன்றே போதாது. மூச்சுக்குழாய் சுருங்கியவர்க்கு உள்ளே காற்று இருந்தும் அது விரைந்து வெளியேறுவதில்லை. குறுகிய வாயுள்ள குடத்தில் நீர் நிறைய இருந்தாலும், கவிழ்த்தால் சிறுகச் சிறுகவே வழியும் அன்றோ? ஆதலின் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதை அளக்க வேண்டும் என 1947-இல் பிரான்சு நாட்டவராகிய திஃபெனோவும் பினெல்லியும் எடுத்துரைத்தனர். ஒரு நொடியில் வெளிவரும் காற்றை, முழுதும் ஊதி வெளிப்படும் காற்றால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை உறுதி செய்யும் சான்று இன்றும் இவ்விகிதமே. 2001-இல் முதல் அறிக்கையை வெளியிட்ட 'கோல்டு' என்னும் அனைத்துலக முயற்சி, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து தந்த பின்னரும் இவ்விகிதம் 0.70-க்குக் குறைந்திருப்பின் அடைப்பு உண்டு என வரையறுத்தது.

இவ்வெல்லை நினைவிற்கு எளிது. அதுவே அதன் சிறப்பு. ஆனால் நோயில்லாதவர்க்கும் வயது ஏற ஏற இவ்விகிதம் தானே இறங்கும். எனவே நலமுள்ள முதியவர் சிலர் நோயாளர் பட்டியலில் ஏறிவிடுகின்றனர். உண்மையில் நோய் தொடங்கிவிட்ட இளையவர் சிலரோ எல்லைக்கு மேலே நின்று தப்பிவிடுகின்றனர். எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தாற்போன்ற குறை இது.

எவரோடு ஒப்பிடுவது?

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. ஒருவர் ஊதிய அளவு குறைவா நிறைவா என்பதை, நலமுள்ள மக்களிடம் எதிர்பார்க்கத் தக்க அளவோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். அந்த மக்கள் யாவர்? 2012-இல் வெளிவந்த உலக நுரையீரல் இயக்கச் சமன்பாடுகள் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என மக்களைப் பிரித்து, எஞ்சியோரையும் கலப்பினத்தாரையும் ஐந்தாவது வகுப்பில் அடக்கின. இந்தியத் துணைக்கண்டத்து மக்களுக்கெனத் தனி வகுப்பு அவற்றுள் இல்லை. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் இவ்வகுப்புகளுள் எதில் நிற்பார் என்னும் கேள்விக்கு அச்சமன்பாடுகள் தரும் விடை, 'மற்றவர்' என்பதே.

சில இனத்தார்க்கு நுரையீரல் இயல்பாகவே சிறிது என்று கொண்டுவிட்டால், வறுமையாலும் புகையாலும் தூசியாலும் விளைந்த குறையும் இயல்பு என்றே கணக்கிடப்படும், நோய் மறைந்துவிடும். இக்குற்றச்சாட்டு வலுத்ததன் பயனாக, இனப்பிரிவு பாராத பொதுச் சமன்பாட்டைப் பயன்படுத்துமாறு 2023-இல் அமெரிக்க மார்புநோய்க் கழகம் பரிந்துரைத்தது. எண் என்றால் ஐயத்திற்கு இடமில்லை என்பார் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணுக்குப் பின்னும் மனிதர் செய்த தெரிவுகள் நிற்கின்றன.

சுரங்கத் தொழிலாளரும் ஐந்து படிகளும்

இனி, சொல்லின் பக்கம் வருவோம். வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் தூசி படிந்து விளையும் நோயை ஆராய, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கார்டிப் நகரை அடுத்து ஓர் ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தது. அதன் முதல் இயக்குநர் சார்ல்ஸ் பிளெட்சர். தேர்ந்த மருத்துவர்கள் ஒரே நோயாளியின் மார்பைத் தட்டியும் கேட்டும் பார்த்து ஒருவர்க்கொருவர் மாறுபட்ட முடிவு கூறுவதை 1952-இல் அவர் எடுத்துக்காட்டினார். மருத்துவரின் கையும் காதும் ஒத்துப்போகாதவிடத்து நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாகாது என்பது என்ன முறை?

அவர் வகுத்த மூச்சிரைப்பு அளவுகோல் ஐந்து படிகளை உடையது. கடும் உழைப்பின்போது மட்டும் மூச்சு வாங்குவது முதற்படி. விரைந்து நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ வாங்குவது இரண்டாம் படி. சமதரையில் தம் வயதினரோடு ஒத்து நடக்க இயலாமை மூன்றாம் படி. ஏறத்தாழ நூறு கெசம் நடந்ததும் நின்றுவிடுவது நான்காம் படி. வீட்டை விட்டு வெளியேற இயலாமையும், உடை மாற்றும்போதே மூச்சு வாங்குதலும் ஐந்தாம் படி.

இவ்வளவுகோலின் நயம் யாதெனின், "எவ்வளவு துன்பம்?" என்று அது கேட்பதில்லை, "எதைச் செய்ய முடியவில்லை?" என்றே கேட்கிறது. துன்பத்தை மிகுத்தும் குறைத்தும் சொல்லலாம். நடந்த தொலைவை அவ்வாறு திரிப்பது அரிது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. மூச்சு வாங்கும் என்றஞ்சி நடப்பதையே விட்டுவிட்ட முதியவர், "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். மூட்டுவலியால் வீட்டில் முடங்கியவரோ ஐந்தாம் படியில் போய் விழுவார். தம் வயதினரோடு நடக்க வேண்டும் எனின், உடன் நடக்கும் தோழர் எத்தகையவர் என்பதும் விடையை மாற்றும்.

இருப்பினும் இந்த எளிய ஐந்து படிகள் கருவியைத் தோற்கடித்த இடங்கள் உண்டு. ஐந்தாண்டுக் காலத்தில் நோயாளர் உயிர் பிழைத்திருப்பதைக் கருவி காட்டும் அடைப்பின் அளவைவிட மூச்சிரைப்பின் படியே நன்கு முன்னறிவிக்கிறது என 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2004-இல் வெளிவந்த 'போடு' என்னும் குறியீடு உடல் எடை விகிதம், அடைப்பு, மூச்சிரைப்பு, ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பத்துப் புள்ளிகளில் மதிப்பிட்டு, தனித்து நின்ற கருவி எண்ணை விஞ்சியது.

கேள்வி தெளிவாயின் விடை தெளிவாகும்

சொல்லைக் கவனமாகப் பயன்படுத்தியதால் விளைந்த பெரும்பயனுக்கு 1977-இல் பிளெட்சரும் ரிச்சர்டு பீட்டோவும் வெளியிட்ட கட்டுரையே சான்று. இலண்டனில் உழைக்கும் ஆடவர் 792 பேரை எட்டாண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வின் பயன் அது. இருமலும் கோழையும் நீடித்தால் அவையே மூச்சுக்குழாய் அடைப்பிற்கு வழிவகுக்கும் என்பது அதற்குமுன் பிரிட்டனில் பரவியிருந்த கருத்து. ஆய்வோ, கோழை மிகுதலும் அடைப்பும் வெவ்வேறு எனக் காட்டிற்று. புகைபிடிப்போருள் ஒரு சாரார்க்கு மூச்சின் ஆற்றல் விரைந்து தேய்கிறது. அவர் புகைப்பதை விட்டால் இழந்தது மீளாது. ஆனால் தேயும் வேகம் ஏறத்தாழ இயல்பான வேகத்திற்குத் திரும்பும். எந்த வயதிலும் விடுவது பயன் தரும் என்னும் இன்றைய அறிவுரைக்கு அடித்தளம் இதுவே.

கோழையைப் பற்றிய கேள்வியும் மூச்சைப் பற்றிய கேள்வியும் கருவியின் எண்ணும் தனித்தனியே, ஐயத்திற்கிடமின்றி அமைந்திராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

புள்ளியாக மாறிய துன்பம்

பிந்திய வினாத்தாள்கள் விரிவானவை. இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பால் ஜோன்சு முதலியோர் உருவாக்கி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வினாத்தாள் அறிகுறி, செயல், வாழ்வின்மேல் விளைவு என மூன்று பகுதியாய் 50 வினாக்களை உடையது. விடைகள் பூச்சியம் முதல் நூறு வரை புள்ளிகளாகும். நான்கு புள்ளி மாற்றமே நோயாளிக்குப் பொருட்டாவது என்பது வழக்கு. 2009-இல் வந்த 'கேட்' என்னும் சிறு வினாத்தாளில் எட்டே வினாக்கள். மொத்தம் 40 புள்ளிகள்.

2007-இல் முடிவு வெளியான 'டார்ச்சு' ஆய்வில் 6,112 நோயாளர் மூன்றாண்டுகள் பங்கேற்றனர். இரு மருந்துகளைச் சேர்த்து உறிஞ்சியோர்க்கும் வெறும் போலி மருந்து பெற்றோர்க்கும் இடையே வினாத்தாளில் கண்ட வேறுபாடு சராசரி 3.1 புள்ளி. நான்கைத் தொடவில்லையே, மருந்து பயனற்றதா? அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. போலி மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 44 பேர் இடையிலேயே மருந்தை விட்டனர். நலிந்தோரே முதலில் விலகுவர் என்பதால், எஞ்சியோரின் சராசரி உண்மையினும் நன்றாகத் தோன்றக்கூடும். மேலும், சிலர்க்குப் பத்துப் புள்ளி நன்மையும் பலர்க்கு ஒன்றுமின்மையும் சேர்ந்தாலும் சராசரி மூன்றே ஆகும். துன்பத்தை எண்ணாக மாற்றிய பின், அவ்வெண்ணை மீண்டும் மனிதராக மாற்றிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

தமிழில் கேட்பது எங்ஙனம்?

இவ்வினாத்தாள்கள் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. மொழிபெயர்த்ததை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது பொது முறை. அம்முறை ஆங்கிலம் திரும்பி வந்ததா என்பதையே சோதிக்கிறது. தமிழ் நோயாளியின் செவியில் அச்சொல் எவ்வாறு விழுந்தது என்பதைச் சோதிப்பதில்லை.

'மூச்சுத் திணறல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. அச்சுத் தமிழில் எல்லா வகை மூச்சுத் துன்பத்திற்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது. பேச்சு வழக்கிலோ திணறல் என்பது உயிருக்குப் போராடும் நிலை. மாடிப்படி ஏறினால் திணறல் வருமா என்று கேட்டால், மூச்சு வாங்கினாலும் திணறாத முதியவர் "இல்லை" என்பார். இரண்டாம் படியினர் முதற்படிக்கு ஏறிவிடுவர், நோய் சிறுத்துவிடும். 'மூச்சு வாங்குதல்' ஓடிவந்த நலமுடையார்க்கும் உரியது. ஆதலின் தொடக்க நிலைக்கு அதுவே பொருந்தும். 'இரைப்பு' ஒலியோடு கூடியது. இழுப்பின் ஓசையைக் கேட்க ஏற்றது. 'இளைப்பு' மூச்சு வாங்குதலையும், களைப்பையும், மெலிவையும் ஒருங்கே குறிக்கும். 'நெஞ்சடைப்பு' என்றாலோ கேட்போர் மனம் மாரடைப்பின்பால் ஓடும். 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வெவ்வேறு நோயுடையார் மூச்சுத் துன்பத்தை வெவ்வேறு சொற்றொடர்களால் விளக்குவதை ஆங்கிலத்தில் காட்டினர். தமிழில் இச்சொற்கள் முன்பே பிரிந்து நிற்கின்றன. மொழிபெயர்ப்போ அவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

'சளி' இன்னும் இடர் தரும். மூக்கில் ஒழுகுவதும் சளி, மார்பிலிருந்து வருவதும் சளி. பிரிட்டனின் பழைய வினாத்தாள் மார்பிலிருந்து வெளிவருவதையே கேட்டது. "சளி உண்டா?" என்று மட்டும் கேட்டால் தடுமன் பிடித்தவரெல்லாம் நோயாளராவர். 'கோழை' என்றோ, 'மார்பிலிருந்து இருமித் துப்பும் சளி' என்றோ கேட்டலே தெளிவு. அதே வினாத்தாள் குளிர்காலக் காலையைக் குறித்துக் கேட்கிறது. குளிர்காலமே இல்லாத மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அக்கேள்விக்கு என்ன விடை? மின்தூக்கியிலேயே ஏறி இறங்கும் அடுக்குமாடிக் குடியினர், ஒரு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்ற கேள்விக்கு நினைவிலிருந்து சொல்ல ஒன்றுமில்லை.

முடிவு

2011-இல் 'கோல்டு' அறிக்கை, கருவியின் எண்ணோடு நோயாளியின் அறிகுறிகளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் எனத் தன் முறையை மாற்றிக்கொண்டது. நோய் உண்டா என்பதற்குக் கருவி இன்றியமையாதது. அந்நோய் ஒருவர் வாழ்வை எவ்வளவு குறுக்கியது என்பதற்குச் சொல் இன்றியமையாதது. ஆயின் சொல் அளவுகோலாக வேண்டுமாயின், அதுவும் கருவியைப் போலவே துல்லியமாக்கப்படல் வேண்டும். கருவியைச் செப்பனிடப் பொறியாளர் உளர். சொல்லைச் செப்பனிடுவார் யார்? மருத்துவரோடு தமிழாசிரியரும் நோயாளியின் அருகமர்ந்து, அவர் வாயினின்று வரும் சொல்லைக் கேட்டுக் குறித்து வினாத்தாளை அமைத்தல் வேண்டும். தவறான சொல்லில் கேட்கப்பட்ட கேள்விக்கு "இல்லை" என்று உண்மையே உரைத்துவிட்டு, நோயோடு வீடு திரும்பும் முதியவர் ஒருவரும் இருத்தலாகாது.