ஃப்ராங்க் அவுர்பாக்: அழித்து வரையும் அன்றாடம்

ஃப்ராங்க் அவுர்பாக் (ஏப்ரல் 29, 1931 - நவம்பர் 11, 2024) பெர்லினில் பிறந்த பிரிட்டிஷ் ஓவியர். லண்டனின் கேம்டன் பகுதியில், மார்னிங்டன் கிரசென்ட் அருகே உள்ள ஒரே ஓவியக்கூடத்தில் 1954 முதல் முதுமை வரை பணியாற்றியவர். மிகச் சிலரின் தலைகளையும், ஓவியக்கூடத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களையும், ப்ரிம்ரோஸ் ஹில் என்னும் பூங்காக் குன்றையுமே திரும்பத் திரும்ப வரைந்தார். ஒவ்வொரு நாளின் முடிவிலும் அன்று வரைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த அமர்வில் முதலிலிருந்து தொடங்கும் பழக்கத்தால் பரவலாக அறியப்பட்டார். அந்தப் பழக்கத்தைப் பற்றிய பேச்சு பல சமயங்களில் ஓவியங்களைப் பற்றிய பேச்சுக்கு மாற்றாகிவிட்டது.

பணிமுறை

அவுர்பாக்கின் வாரம் அமர்வுகளால் ஆனது. அவருக்கு மாதிரியாக அமர்ந்தவர்கள் குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட நேரத்தில், ஆண்டுக்கணக்கில் வந்தார்கள். தலைப்புகளில் ஈ.ஓ.டபிள்யூ. என்று குறிக்கப்படும் எஸ்டெல்லா ஆலிவ் வெஸ்ட் 1940களின் இறுதியிலிருந்து 1973 வரை அமர்ந்தார். ஜே.ஒய்.எம். எனப்படும் ஜூலியட் யார்ட்லி மில்ஸ் தொழில்முறை மாதிரி. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வந்தார். கலை வரலாற்றாளர் காதரின் லாம்பெர்ட் 1978 முதல் அமர்ந்தார். பின்னாளில் அவுர்பாக்கைப் பற்றி நூல் எழுதியவரும், 2015-ல் டேட் பிரிட்டன் காட்சியகத்தில் நடந்த பின்னோக்குக் கண்காட்சியை அமைத்தவரும் அவரே. மனைவி ஜூலியாவும் மகன் ஜேக்கும் மற்ற மாதிரிகள்.

நாள் முழுக்க உழைத்த பின் பலகையில் உள்ள ஈர வண்ணத்தைக் கத்தியால் வழித்தெடுப்பார். செய்தித்தாளை மேலே அழுத்தி மிச்சத்தை ஒற்றி எடுப்பதும் உண்டு. பலகையில் எஞ்சுவது ஒரு மங்கலான தடம் மட்டும். மறுவாரம் அதே நபர் அதே நாற்காலியில் அமரும்போது அந்தத் தடத்தின் மேல் முழுத் தலையும் மீண்டும் வரையப்படும். மீண்டும் வழிக்கப்படும். இப்படி மாதங்கள் போகும், சில படங்களுக்கு ஆண்டுகளும் ஆகும். ஒரு நாள் படம் நிற்கும். அன்று கத்தி எடுக்கப்படாது.

இங்கே ஒரு பொதுவான பிழைப் புரிதலைக் களைய வேண்டியிருக்கிறது. அவுர்பாக்கின் படங்களில் வண்ணம் விரல் தடிமனுக்குப் படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அது பல மாத உழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது என்று எண்ணுபவர்கள் பலர். 1950களின் படங்களுக்கு அது பொருந்தும். அப்போது அவர் வழித்தெடுக்காமல் காய்ந்தும் காயாமலும் இருந்த பழைய வண்ணத்தின் மேலேயே வரைந்தார். வண்ணம் மேடுதட்டிச் சிற்பம்போல முன்துருத்தியது. விலை குறைந்த மண் நிறங்களையே அவரால் வாங்க முடிந்தது என்பதால் அந்தப் படங்கள் காவியும் கருமையுமாகவே இருக்கின்றன. 1956-ல் பியூ ஆர்ட்ஸ் காட்சியகத்தில் நடந்த முதல் தனிக் கண்காட்சியை டேவிட் சில்வெஸ்டர் பெரிதும் பாராட்டினார். வேறு சிலர் அந்தத் தடிமனைக் கண்டு முகம் சுளித்தார்கள். 1960களில் படிப்படியாக நிலைமை மாறியது. வழித்தெடுப்பது வழக்கமானது, நிறங்கள் ஒளிபெற்றன. பிற்கால அவுர்பாக் படம் ஒன்றில் தெரியும் தடித்த வண்ணம் பெரும்பாலும் ஒரே நாளின் வண்ணம். முந்தைய நாட்கள் செய்தித்தாளோடு குப்பைக்குப் போய்விட்டன.

திருத்தமும் மறுதொடக்கமும்

ஓவியர்கள் படத்தைத் திருத்துவது புதிதல்ல. ஆனால் திருத்தத்தில் வகைகள் உண்டு. பியர் பொன்னார் முடிந்த படத்தையும் விடமாட்டார். அருங்காட்சியகச் சுவரில் தொங்கிய தன் படத்தையே, காவலர் கவனிக்காத நேரத்தில் தொட்டுத் திருத்தினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அது பகுதி பகுதியான திருத்தம். இங்கே கொஞ்சம் மஞ்சள், அங்கே ஒரு இலை. படம் முழுமையாகவே இருக்கும், ஒரு மூலை மட்டும் மாறும்.

ஹென்றி மத்தீஸின் முறை வேறு. 1935 மே மாதம் முதல் அக்டோபர் வரை அவர் வரைந்த சாய்ந்திருக்கும் நிர்வாணப் பெண்ணின் படம், ‘இளஞ்சிவப்பு நிர்வாணம்’ என்று அறியப்படுவது, இப்போது பால்ட்டிமோர் அருங்காட்சியகத்தில் உள்ளது. வண்ணத் தாள்களை வெட்டிக் கித்தானில் குத்திப் பார்த்து உறுப்புகளின் அளவையும் இடத்தையும் மாற்றினார். அவ்வப்போது படத்தின் நிலையைப் புகைப்படம் எடுக்கச் செய்தார். அவற்றில் 22 படங்களைச் சேகரிப்பாளர் எட்டா கோனுக்கு அனுப்பினார். அந்தப் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இயல்பான உடல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, பெரிதாகி, சட்டகத்தை நிறைப்பது தெரியும். மத்தீஸ் தன் தேடலுக்குச் சாட்சி வைத்தார். வாங்குபவருக்கு அந்தச் சாட்சி போய்ச் சேரவும் செய்தார்.

அவுர்பாக்கிடம் பொன்னாரின் தொட்டுத் திருத்தலும் இல்லை, மத்தீஸின் படிப்படியான நகர்வும் இல்லை. மூக்கு சரியில்லை என்றால் மூக்கை மட்டும் அவர் மாற்றுவதில்லை, தலை முழுவதும் போகும். அவரது பிற்கால ஓவியத்தில் நேற்றைய படம் இன்றைய படத்தின் முந்தைய நிலையே அல்ல. அது தோற்றுப்போன இன்னொரு படம். ஆகவே அவர் செய்ததைத் ‘திருத்தம்’ என்று அழைப்பது பாதி உண்மைதான். ஒரே படத்தை நூறு முறை மேம்படுத்தியவர் என்பதைவிட, நூறு படங்களை வரைந்து ஒன்றை வைத்துக்கொண்டவர் என்பதே அவருக்குப் பொருந்தும்.

அப்படியானால் அழிந்த தொண்ணூற்றொன்பதுக்கும் நின்ற ஒன்றுக்கும் என்ன உறவு? அருங்காட்சியகத்தில் நிற்கும் பார்வையாளருக்கு முந்தைய நாட்கள் தெரிவதில்லை. தலைப்புப் பலகையில் ஆண்டுகள் மட்டும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் படத்தில் உழைப்பைக் காண்பது நம்பிக்கையின் விஷயமே, பார்வையின் விஷயமல்ல. கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. அது வேகம். ஒரு கண்குழியையும் தாடையையும் ஒரே இழுப்பில் இணைக்கும் தூரிகைக் கோடு தயங்காமல் போகிறது. ஒருவரின் தலை எந்தக் கோணத்தில் கழுத்தின் மேல் அமர்ந்திருக்கிறது, களைப்பில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கை மனப்பாடமாக அறிந்திருந்தால் மட்டுமே அந்த வேகம் வரும். அழித்த நாட்கள் வண்ணமாக எஞ்சவில்லை, கைப்பழக்கமாக எஞ்சியிருக்கின்றன.

கரிப்படங்கள்

இதற்கு நேர்மாறான சாட்சி 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் அவர் கரியால் வரைந்த பெரிய தலைகள். லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகம் 2024-ல் இவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. எஸ்டெல்லா வெஸ்ட், நண்பரும் ஓவியருமான லியான் கோஸ்ஸாஃப், உறவுக்காரரான கெர்டா போம், ஜூலியா ஆகியோரின் தலைகள், கூடவே தன்னுருவப் படமும்.

முறை அதேதான். ஒரு அமர்வில் வரைந்ததை அமர்வின் முடிவில் தேய்த்து அழிப்பார். அடுத்த அமர்வில் மீண்டும் வரைவார். ஆனால் தாள் எண்ணெய் வண்ணம்போல மறப்பதில்லை. கரித்தூள் இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. ரப்பர் எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் நிறப் படலம் தங்கும். தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்து கிழியும். கிழிந்த இடத்தில் வேறு தாளை ஒட்டி அதன் மேல் வரைவார். 1958-ல் வரைந்த தன்னுருவப் படத்தில் இந்த ஒட்டுகளை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. இருபத்தேழு வயது இளைஞனின் முகம் இருளுக்குள்ளிருந்து வருகிறது. முகத்தின் தோலுக்கும் தாளின் தோலுக்கும் வேறுபாடு மங்குகிறது.

இந்தப் படங்களில் அழிப்பதும் ஒரு வரைதல். நெற்றியின் மேல் விழும் ஒளி பல இடங்களில் ரப்பரின் இழுப்பு. கரி இருளைக் கொடுக்க, ரப்பர் ஒளியை எடுக்கிறது. பார்ப்பவர் பழைய நாட்களை நம்ப வேண்டியதில்லை, பார்க்கவே முடிகிறது. அவுர்பாக்கின் முழு வாழ்நாள் பணியில் காலம் இவ்வளவு நேரடியாகப் பொருளில் பதிந்த படைப்புகள் வேறில்லை. மனிதர்கள் என்ற முறையிலும் இவர்கள் பிற்காலத் தலைகளைவிட நெருக்கமானவர்கள். கண்ணிமை கனத்திருப்பதும் உதடு இறுகியிருப்பதும் தெரிகிறது.

நிலக்காட்சிகளில் அன்றாடம் வேறுவிதமாக இயங்கியது. காலையில் வெளியே சென்று கோட்டுப்படம் வரைவார். அதைக் கொண்டுவந்து ஓவியக்கூடத்தில் பலகையில் மாற்றுவார். மறுநாள் புதிய கோட்டுப்படம், ஆகவே புதிய ஓவியம். வானிலையும் வெளிச்சமும் இலையுதிர்வும் ஒவ்வொரு நாளும் பழைய படத்தைச் செல்லாததாக்கின. 1967-68-ல் முடிந்த ‘ப்ரிம்ரோஸ் ஹில்’ பல பருவங்களின் வழியே வந்தது.

சாம்பலும் வாழ்க்கை வரலாறும்

யூதக் குடும்பத்தில் பிறந்த அவுர்பாக் 1939-ல் எட்டு வயதை எட்டும் முன்பே தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கென்ட் பகுதியில் பன்ஸ் கோர்ட் பள்ளியில் வளர்ந்தார். பெற்றோர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். இந்தச் செய்தி தெரிந்தபின் சுரண்டியெடுக்கப்பட்ட வண்ணத்தையும் உதிரும் கரித்தூளையும் சாம்பலாகப் பார்க்காமலிருப்பது கடினம். டபிள்யூ. ஜி. செபால்ட் தன் ‘புலம்பெயர்ந்தவர்கள்’ (1992) நூலில் அப்படித்தான் பார்த்தார். மான்செஸ்டரில் வாழும் ஓர் ஓவியர், நாள்தோறும் அழிப்பதால் சேரும் தூசிக்குள் வாழ்கிறார். ஜெர்மன் மூலத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயர் மாக்ஸ் அவுராக். அவுர்பாக் விரும்பாததால் 1996-ல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர் ஃபெர்பர் என மாறியது. அவரது ஓவியத்தின் பிரதியும் நீக்கப்பட்டது.

செபால்டின் பகுதி இலக்கியமாகச் சிறப்பானது. ஓவிய விமர்சனமாக அது ஒரு தடை. அழிப்பதைத் துயரத்தின் சடங்காக வாசித்துவிட்டால், அழித்தபின் அவர் எதை வரைந்தார் என்ற கேள்வி தேவையற்றதாகிவிடுகிறது. மேலும் இதே முறையில் இன்னொருவரும் வரைந்தார் என்பதை அந்த வாசிப்பு மறக்கிறது. லியான் கோஸ்ஸாஃப் (1926-2019) லண்டனில் பிறந்து வளர்ந்தவர். அவரும் வழித்தெடுத்து மீண்டும் தொடங்கியவர். இருவரும் பரோ பாலிடெக்னிக்கில் டேவிட் பாம்பெர்கின் வகுப்பில் பயின்றார்கள். பொருளின் தோற்றத்தை நகலெடுப்பதைவிட அதன் கனத்தைத் தொட்டறிவதைப்போல வரைய வேண்டும் என்று பாம்பெர்க் கற்பித்தார். வகுப்பறையிலிருந்தே அவுர்பாக் கிடைத்ததை விட்டுக்கொடுக்கப் பழகினார் என்பது அவரது வாழ்க்கைத் துயரத்தைவிடச் சலிப்பான விளக்கம். ஆனால் படங்களோடு அதிகம் பொருந்துவது அதுவே.

கோஸ்ஸாஃபோடு ஒப்பிடுவதில் இன்னொரு பயனும் உண்டு. முறை ஒன்றுதான், படங்கள் வேறு. கோஸ்ஸாஃபின் பரப்பில் வண்ணம் நூல்நூலாக ஒழுகி ஓடுகிறது, மனிதர்கள் மழையில் நிற்பவர்கள்போல இருக்கிறார்கள். அவுர்பாக்கின் படத்தில் கோடுகள் உத்தரங்கள்போல ஒன்றையொன்று தாங்குகின்றன. போருக்குப் பின் லண்டனில் எழுந்த கட்டடப் பணியிடங்களை அவர் 1952 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் வரைந்தார் என்பதை இங்கே நினைவுகொள்ளலாம். அவரது பிற்காலத் தலைகள் பலவும் சாரம் கட்டிய கட்டடங்களே.

மதிப்பீடு

1986-ல் வெனிஸ் இருபதாண்டுக்கொருமுறை நடக்கும் விழா அல்ல, ஈராண்டுக்கொருமுறை நடப்பது. அதில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்று, சிக்மார் போல்கேயுடன் தங்கச் சிங்கம் விருதைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் காலத்துப் படங்களே அவரது பணிமுறையின் எல்லையையும் காட்டுகின்றன. நாள்தோறும் அழிப்பது பழக்கத்திலிருந்து விடுதலை தரும் என்பது எதிர்பார்ப்பு. அழிப்பதும் ஒரு பழக்கமாகலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து அவரது தலைகளில் மின்னல்போன்ற ஒரு முறிகோடு நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்குகிறது. யார் அமர்ந்தாலும் அது வருகிறது. தலைப்பை மறைத்துவிட்டால் இது ஜூலியாவா, காதரின் லாம்பெர்ட்டா என்று பிரித்தறிவது பல படங்களில் எளிதல்ல. எஸ்டெல்லா வெஸ்டின் கரித்தலையை ஒருமுறை பார்த்தவர் அவரை வேறொருவராக எண்ணமாட்டார்.

2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் மாதிரிகள் வர முடியாமல் போனது. கிட்டத்தட்ட தொண்ணூறு வயதில் அவுர்பாக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரையத் தொடங்கினார். அப்படி உருவான தன்னுருவப் படங்களில் இருபது 2023-ல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. முன்பு அவர் தன்னை அரிதாகவே வரைந்தார். தளர்ந்த தோலும் பைவிழுந்த கண்ணும் கோடுகளுக்கு மீண்டும் ஒரு வேலையைக் கொடுத்தன. முறிகோடு இந்தப் படங்களிலும் இருக்கிறது. ஆனால் இப்போது அது ஒரு குறிப்பிட்ட கிழவரின் கன்னத்து மடிப்பு.