ஒரே பெயர், இரண்டு கார்டு

அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். பழைய கம்ப்யூட்டருக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு பார்த்து வைத்திருக்கிறான். "மாமா, ரெண்டுமே ஜிடிஎக்ஸ் 1060 தான். ஒண்ணு 3 ஜிபி, இன்னொண்ணு 6 ஜிபி. நான் விளையாடுற கேமுக்கு 3 போதும். விலையும் கம்மி. வாங்கிடவா?"

நியாயமான கேள்விதான். பெயரைப் பார்த்தால் நினைவகம் மட்டுமே வேறு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2016-ல் வந்த அந்த 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள். 3 ஜிபி கார்டில் 1152. அதாவது மூளையிலேயே பத்தில் ஒரு பங்கு கிடையாது. அதைப் பெயர் சொல்லவில்லை.

இது ஒரு தடவை நடந்த சறுக்கல் இல்லை. ஜிடி 1030 என்று ஒரு சின்ன கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. நொடிக்கு 48 ஜிபி வேகம். மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. வேகம் சுமார் 17 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டாக அறிவித்தபோதும் இதே கதை: 7680 கோருக்கும் 9728 கோருக்கும் ஒரே பெயர். அந்த முறை எதிர்ப்பு பலமாக இருந்ததால் அக்டோபரில் 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கினார்கள். அதுவே 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில், 899 டாலருக்குப் பதில் 799 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பெயர் சரியானதும் விலையும் 100 டாலர் இறங்கியது. பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கம்பெனி தரப்பு நியாயத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு சிலிக்கான் தகட்டில் எல்லா சிப்பும் முழுசாகத் தேறாது. சில கோர்கள் பழுதான சிப்பை அந்தக் கோர்களை அணைத்துவிட்டு விலை குறைத்து விற்பதில் தப்பே இல்லை. குப்பைக்குப் போக வேண்டியது யாரோ ஒருவருக்குப் பயன்படுகிறது. என் சண்டை அதோடு இல்லை. வேறு பொருளுக்கு வேறு பெயர் வையுங்கள், அவ்வளவுதான்.

பெயர் வேறாக இருந்தாலும் போதாத ஒரு கேஸும் உண்டு. 2022 ஜனவரியில் ஏஎம்டி கொண்டுவந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி நினைவகம்; மதர்போர்டோடு பேச வெறும் 4 பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள். அதற்கு முந்தைய 5500 எக்ஸ்டி-யில் 8 இருந்தன. பெயரில் எண் ஏறியது, பாதை பாதியாகக் குறைந்தது. பிசிஐ 4.0 போர்டில் ஒரு பாதைக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிபி என்பதால் ஓரளவு சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் அதுவும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பியதும் கார்டு மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து எடுத்துவர வேண்டும்; அப்போது அந்தக் குறுகலான சந்தில் நெரிசல், படம் திக்கித் திக்கி ஓடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள்: விலை குறைந்த கார்டை யார் தேடுவார்? பழைய போர்டு வைத்திருப்பவர்தானே? யாருக்காகச் செய்ததோ அவர் வீட்டில்தான் அது மோசமாக ஓடுகிறது.

விமர்சகர்களிடமும் ஒரு குறை. பொதுவாக, கையிலிருப்பதிலேயே வேகமான ப்ராசஸரில் கார்டைப் பொருத்தி அளப்பார்கள். கார்டை கார்டோடு ஒப்பிட அது சரியான முறைதான். ப்ராசஸர் குறுக்கே வராது. ஆனால் மேம்படுத்துகிறவர் கேட்பது "எந்தக் கார்டு வேகம்?" என்பதல்ல. "என் பெட்டியில் இது எவ்வளவு ஓடும்?" என்பதுதான். 6500 எக்ஸ்டி-யை 3.0 போர்டிலும் போட்டுக் காட்டியவர்கள் இருந்தார்கள். அந்த வேலைதான் வாங்குபவருக்கு உதவியது. எல்லாக் கார்டுக்கும் அப்படி ஒரு வரைபடம் வேண்டும்.

அதுவரை பெயரை மறந்துவிட்டு ஐந்தைப் பாருங்கள்: கோர் எண்ணிக்கை, நினைவக அளவு, அதன் வேகம், பாதைகள் எத்தனை, எவ்வளவு வாட். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் தனி இணைப்பு இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தே பார்த்துவிடுங்கள்.

பையனிடம் 6 ஜிபி கார்டையே வாங்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப இன்னும் ரெண்டு மாசம் சேர்க்கணும் மாமா" என்றான். பெயரை நம்பியிருந்தால் இன்றைக்கே வாங்கியிருப்பான்.