மலையக ஆவணங்களின் எண்ணிமமாக்கம்: ஒரு விமர்சன நோக்கு

ஆவணங்கள் தாமாகத் தோன்றுவனவுமல்ல, தாமாக எஞ்சுவனவுமல்ல. எழுதும் வாய்ப்பும் எழுதியதைப் பேணும் இடமும் எவரிடம் இருந்தனவோ அவர்தம் குரலே காப்பகங்களில் ஓங்கி ஒலிக்கும். 1854இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்தின் நடவடிக்கைகள் அச்சேறி நூலகங்களில் இடம்பெற்றன. அதே மலைகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வரலாறோ லயன் அறைகளின் தகரப் பெட்டிகளில் உதிரித் தாள்களாகவே எஞ்சியது. அத்தாள்களையும் நிழற்படங்களையும் ஒளிவருடி எண்ணிமப் படிகளாக்கும் முயற்சி இன்று பரவி வருகின்றது. அதனை வரவேற்கும் அதேவேளை, அதன் முறையியலை விமர்சித்தலும் அவசியமாகும்.

தேவை குறித்து ஐயமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகமும், கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் அறைகளில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் இவ்விழப்புணர்வின் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன.

மலையக மக்களுக்குத் தாள் என்பது வெறும் நினைவுச்சின்னமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பரம்பரைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டமோ, 1946 சனவரி 1க்கு முன்னர் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் மணமானோர் 7 ஆண்டுகளும் தொடர்ந்து வதிந்தமையை எண்பிக்கக் கோரியது. உழைப்பு கண்முன் மலையாய் நின்றும், தாள் இல்லாதவர் நாடற்றவராயினர்.

இத்தகைய தாளை எண்ணிமமாக்குவோர் பெரும்பாலும் அதன் ஒரு முகத்தையே பதிவு செய்கின்றனர். நிழற்படத்தின் பின்புறத்திலுள்ள பெயரும் நாளும் படப்பிடிப்பகத்தின் முத்திரையும் விடுபடுகின்றன. கட்டாக இருந்தவை தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்து, எது எதனோடு இருந்தது என்ற செய்தி அழிகின்றது. கங்காணியின் கடன் தீர்க்கப்படின் அவரது ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை அளித்த ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்பட்டது. அத்தகைய துண்டொன்று எந்தத் தோட்டத்தது, எக்குடும்பத்தின் வழி வந்தது என்ற குறிப்பின்றிக் கிடைப்பின், அது காட்சிப் பொருளேயன்றிச் சான்றாகாது.

பொறி இக்குறையை நிரப்பாது. இலட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என ஒருவரே மூன்று தாள்களில் மூவராக நிற்பார். அவர்களை ஒருவரெனக் காட்டுவது உறவினரின் வாய்மொழியே. அச்செழுத்தை ஓரளவு அறியும் பொறி கையெழுத்தில் தடுமாறுகின்றது. 1978இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் வழங்கிய பழைய ணை, லை வடிவங்களிலும் அது பிழைபடுவதுண்டு.

இங்கு எண்ணிமமாக்கத்தின் தனிச்சிறப்பான பணியொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதன் விளைவாக ஒரே குடும்பத்தின் தாள்களும் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன: தமையனின் கடவுச்சீட்டு நீலகிரியில், தம்பியின் பிரசாவுரிமைச் சான்றிதழ் கண்டியில். மூலங்களை இடம்பெயர்க்காமலே அவற்றை அருகருகே வைக்க எண்ணிமப் படியால் இயலும். ஆயின் இரண்டிலும் ஊர், தோட்டம், உறவு ஆகியன தமிழில் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தாலன்றி அவை ஒன்றையொன்று அறியா.

ஆகவே, ஒளிவருடலுக்கு முன்னர் உரியவரிடம் கேட்டறிதலே முதற்பணியாதல் வேண்டும். தாளின் இருபுறமும், கட்டின் வரிசையும், கூறியவரின் சொற்களும் ஒருங்கே பதிவாக வேண்டும். மூலமும் ஒரு படியும் குடும்பத்திடமே இருத்தல் வேண்டும். எதனைப் பொதுவில் வைப்பது என்பதை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். ஒருகாலத்தில் இம்மக்களிடம் தாளைக் கேட்டு, அவர்தம் சொல்லை ஏற்க மறுத்தது சட்டம். இன்று தாளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடுவோமாயின், ஆய்வாளராகிய நாமும் அதே தவற்றைச் செய்தவராவோம். தாள் இன்னும் சில காலம் காத்திருக்கலாம். அதனை வாசித்துக் காட்டவல்ல முதியோர் காத்திரார்.