சினிமாவில் ஒரு வேலை

கதை எழுதுகிறவனிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். இதில் என்ன வருமானம் என்பது ஒன்று. சினிமாவில் யாரையாவது தெரியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கேட்கிறவர் பெரும்பாலும் தமக்காகக் கேட்பதில்லை. தங்கை பிள்ளைக்காகவோ எதிர்வீட்டுப் பையனுக்காகவோ கேட்கிறார். பையன் பிரமாதமாக நடிப்பானாம். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

ஒரு வார்த்தை போதும் என்ற இந்த நம்பிக்கையை நமக்கு ஊட்டியதில் சினிமாவுக்கே பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தை எடுத்துக்கொள்வோம். நான் பலமுறை பார்த்து ரசித்த படம். ஹோட்டலில் பரிமாறும் சுந்தரத்துக்கு நடிகனாக வேண்டும் என்று ஆசை. ராகவன் என்ற சிநேகிதன் உதவுகிறான், வாய்ப்புக் கிடைக்கிறது, சுந்தரம் பெரிய நடிகனாகிவிடுகிறான். ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவாவதைக் காட்டும் காட்சியில் எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனுமே திரையில் தோன்றுகிறார்கள். வேலை நடக்கும் விதத்தை இத்தனை உண்மையாகக் காட்டிய படம், வேலை கிடைக்கும் விதத்தில் மட்டும் கதைக்காரனின் சௌகரியத்துக்கு இறங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுந்தரமாக நடித்த நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். கதையை எழுதிய கே.பாலசந்தர் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். இருவரும் சினிமாவுக்குள் நுழைந்தது மேடை வழியாக. பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை, பிறகு சபாவில் நாடகம் என்று வருஷக்கணக்காக உழைத்தவர்கள். 'சர்வர் சுந்தர'மும் முதலில் நாடகமாக இருந்ததுதான். படத்தை உண்டாக்கியவர்கள் நடந்து வந்த வழி படத்தில் இல்லை. சொந்த அனுபவத்தில் மிகவும் ருசியான பகுதியை விட்டுவிட்டு, சிபாரிசை வைத்துவிட்டார்கள். அந்தச் சாயங்காலங்களைக் கொஞ்சம் காட்டியிருந்தால் எதிர்வீட்டுப் பையனுக்கு எவ்வளவோ பிரயோசனமாக இருந்திருக்கும்.

அதே வருஷம் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெறும் தமாஷ் என்று பெயர் வாங்கிய படம். ஆனால் இந்த விஷயத்தில் அதில்தான் உண்மை அதிகம் என்பேன். செல்லப்பா யாரிடமும் வேலை கேட்டுப் போவதில்லை. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று தானே ஒரு கம்பெனிக்குப் பெயர் வைத்துக்கொள்கிறான். பணத்துக்கு அப்பா, கதாநாயகிக்கு எஸ்டேட் மானேஜரின் மகள். உள்ளே போக வழி தெரியாதவன் வாசலில் ஒரு போர்டு மாட்டிக்கொள்கிறான். உடனே அவனிடமும் ஒருத்தி சான்ஸ் கேட்டு நிற்கிறாள். நாம் சிரித்துவிட்டு எழுந்து வந்தோம். சொந்த ஊரில் நிலத்தை விற்றுவிட்டு இப்படி ஒரு போர்டு மாட்டியவனின் வீட்டார் அவ்வளவு சுலபமாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு படங்களிலும் கிடைக்காத ஒன்று அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாவலில் கிடைக்கிறது. 'தீபம்' பத்திரிகையில் தொடராக வந்து, 1969இல் புத்தகமானது. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். பத்திரிகைகளிலிருந்து செய்திகளைக் கத்தரித்து, ஃபைலில் ஒட்டி வைப்பதும் அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று. இதுவும் சினிமா உத்தியோகம்தான். எதிர்வீட்டுப் பையனின் கனவில் கத்தரிக்கோலும் பசையும் வருவதே இல்லை.

நாவலில் கதாநாயகன் என்று யாரும் கிடையாது. புரொடக்ஷன் மானேஜர் நடராஜன் இருக்கிறார். முதலாளி ரெட்டியார் இருக்கிறார். வண்டி, சாப்பாடு, பாக்கி, மறுபடி வண்டி என்று பொழுது ஓடுகிறது. கதாநாயகி வராததால் படம் நிற்கிறது. படம் நின்றதும் அதைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரைகிறார்கள். வேலை எப்படிக் கிடைத்தது என்பதைவிட அது எப்படி ஓசைப்படாமல் இல்லாமற் போகிறது என்பதையே ஆசிரியர் பார்க்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை.

பிற்காலத்தில் தம் ஸ்டூடியோ நாட்களைப் பற்றி எழுதியபோது அவர் ஒருவரை நினைவுகூர்கிறார். மேக்கப் பகுதியில் 'ஆபீஸ் பாய்' என்று பெயர். ஆனால் பையன் வயசெல்லாம் எப்போதோ தாண்டியவர். நடிகராகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுபவராகவோ ஆகலாம் என்று வந்தவர். பெரிய மேக்கப்காரர் கதாநாயகனுக்குப் பூசுவார். அடுத்தவர் இரண்டாவது நாயகனுக்கு. அதற்கும் அடுத்தவர் ஹாஸ்ய நடிகருக்கு. இவருக்குக் கிடைத்தது கும்பலாக வந்து நிற்பவர்களின் முகங்கள். சினிமாவில் சேர வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைவேறித்தான் இருந்தது. வாழ்க்கை முழுவதும் கசந்துபோவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

'சர்வர் சுந்தர'த்தின் முடிவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுந்தரத்துக்குப் புகழ் வருகிறது, காதல் கைகூடவில்லை, தாயும் போய்விடுகிறாள். கடைசியில் மறுபடி பரிமாறவே போகிறான். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அந்தக் கண்ணீரில் கொஞ்சம் திருப்தியும் கலந்திருக்கிறது. நாம் போகவில்லை, போனவனும் சந்தோஷமாக இல்லை, ஆகவே நாம் ஒன்றையும் இழந்துவிடவில்லை. நடுத்தரக் குடும்பத்து ரசிகனுக்கு இதைவிட நல்ல ஆறுதல் வேறு கிடையாது. இந்த ஆறுதலை அசோகமித்திரன் தருவதில்லை. அவருடைய மனிதர்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஹோட்டல் காத்திருக்கவில்லை.

கலையின் வேலை சான்ஸ் வாங்கித் தருவது அல்ல என்று ஒதுங்கிவிடலாம். ஆனால் சென்னைக்கு ரயில் ஏறுகிற பையன் ஏதோ ஒரு கதையை நம்பித்தான் ஏறுகிறான். அந்தக் கதை பொய்யாக இருந்தால், அதை எழுதியவனுக்கும் ரசித்தவனுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த முறை யாராவது என்னிடம் சிபாரிசு கேட்டால் 'கரைந்த நிழல்க'ளைக் கையில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். படித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், பையன் பகலில் ஒரு ஆபீஸும் சாயங்காலத்தில் ஒரு மேடையும் தேடிக்கொள்ளட்டும்.