ஏற்றத்தில் பேசியவை

எண்டூரோ என்ற மலைச் சைக்கிள் போட்டியின் விதி எளியது. ஒரே நாளில் நான்கைந்து இறக்கங்கள், சில இடங்களில் ஏழுகூட. ஒவ்வொரு இறக்கத்துக்கும் நேரம் குறிக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டியபின் யாருக்குக் குறைவோ அவர் வென்றவர். ஓர் இறக்கம் முடிந்ததும் அடுத்ததன் தொடக்கத்துக்கு ஏறிப்போக வேண்டும். அந்த ஏற்றத்துக்கு நேரக்கணக்கு இல்லை. குறித்த பொழுதுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். தொழில்முறை அல்லாதவர்களுக்கான போட்டிகளில் அந்தக் கெடுவும் தாராளமானது. மிதிக்கலாம், தள்ளிக்கொண்டு நடக்கலாம், வழியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்னலாம். பதினைந்து கிலோ வண்டியோடு நாளின் பெரும்பகுதி கழிவது இந்த ஏற்றத்தில்தான். முடிவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இதை வைத்து ஒரு பெண்ணியக் கட்டுரை எழுதிவிடுவது சுலபம். கணக்கில் வராத ஏற்றம், கணக்கில் வராத வீட்டுவேலை என்று ஒப்புமை தயாராக நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுவேலையைக் கணக்கில் சேர்க்காதது சுரண்டல். இந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காததோ ஒரு விடுப்பு. அங்கே ஒரு பெண் யாருக்கும் நிமிடம் கடன்பட்டவள் அல்ல.

நான் மலைச் சைக்கிள் ஓட்டுபவள் இல்லை. கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருகிறவள். ஆனால் முதன்முதலாக எண்டூரோவில் கலந்துகொண்ட பெண்கள் எழுதிய அனுபவக் கட்டுரைகளைச் சில மாதங்களாகத் தேடிப் படித்துவருகிறேன். பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கப் பெண்கள். யார்க்ஷயரில் ரீத் கிராமத்தை மையமாகக் கொண்டு நடக்கும் ஆர்ட் ராக் போன்ற போட்டிகளுக்குப் போனவர்கள். விளையாட்டு எழுத்து என்று ஒதுக்கிவிடுவதால் இவற்றை யாரும் இலக்கியப் பிரதியாக வாசிப்பதில்லை.

வாசித்தால் முதலில் தெரிவது வார்ப்பு. பெயர் கொடுத்தபின் வரும் நடுக்கம், கடைசியாக வந்துவிடுவேனோ என்ற கவலை, சைக்கிள் பழக்கிய கணவருக்கு நன்றி, முடிவில் ‘என்னால் முடிந்தது, உன்னாலும் முடியும்’. இந்த முடிவு எனக்குச் சலிப்பூட்டுகிறது. அது வெற்றியாளர்களின் அங்கி. ட்ரேஸி மோஸ்லிக்கு அது பொருந்தும்: 2010இல் டவுன்ஹில் உலகச் சாம்பியன், 2013இல் எண்டூரோ உலகத் தொடர் தொடங்கியபோது முதல் மூன்று ஆண்டும் பட்டம் அவருடையது. பட்டியலின் அடியில் பெயர் வரும் ஒருத்தி அதே அங்கியை இரவல் வாங்கும்போது, அவளுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் உள்ளே மறைந்துபோகின்றன.

அப்படி மறைபவற்றில் ஒன்று வழிவிடுதல். இறக்கத்தில் சிறு இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புகிறார்கள். மெதுவாக இறங்குபவளைப் பின்னால் வருபவன் எட்டிவிடுவான். குரல் கேட்கும். அவள் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். நான் படித்த பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பாறையைவிட, செங்குத்தைவிட, விழுவதைவிட இந்தக் குரலுக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். பல நாள் முன்பே மனத்தில் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒதுங்கும்போது மன்னிப்பும் கேட்கிறார்கள். பணம் கட்டி, எண் வாங்கி, தனக்கென ஒதுக்கிய நேரத்தில் தனக்குரிய தடத்தில் இறங்குகிறவள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறாள்? தெருவோரமாகவே நடந்து பழகிய உடல் மலையிலும் ஓரத்தைத் தேடுகிறது. ஒதுங்கி நின்ற நொடிகள் அவள் கணக்கில்தான் ஏறும். டைமிங் சிப்புக்கு அவள் வழிவிட்டது தெரியாது. ஆண்களின் முதல் போட்டிக் கட்டுரைகளிலும் பின்தங்கியவர்கள் வருகிறார்கள். அங்கே குற்றவாளி பெரும்பாலும் டயர், அல்லது சஸ்பென்ஷன்.

இந்த எழுத்தை வெற்றிக் கதையாக வாசிப்பதைவிட ஆற்றுப்படையாக வாசிப்பது பொருந்தும் என்பது என் கட்சி. பரிசு பெற்றுத் திரும்புபவன் எதிரே வருபவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. மலைபடுகடாம் 583 அடி. நன்னனின் பெருமை ஒருபுறம் இருக்க, அதில் எனக்குப் பிடித்தது மலைவழி. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிற்கோலையும் கோரையையும் எப்படிப் பற்றிக்கொள்வது என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. ‘தைரியமாகப் போ’ என்று சொல்லி அனுப்பிவிடுவதில்லை. ஆனால் அந்த மலையில் விறலியரும் ஏறுகிறார்கள். கல்லில் மோதி நொந்த அவர்கள் பாதம் இளைத்த நாயின் நாக்குக்கு உவமிக்கப்படுகிறது. பாதத்துக்கு உவமை கிடைத்தது, வாய்க்குப் பேச்சு கிடைக்கவில்லை. வழி சொல்பவனும் கேட்பவனும் ஆண்களே.

முதல் எண்டூரோ எழுதும் பெண்களில் சிலர் அந்தப் பேச்சைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் இறக்கத்தில் இடப்புறம் ஈரவேர் இருக்கிறது, அங்கே பிரேக் பிடிக்காதே. ஐந்து மணி நேரம் கழிப்பறை கிடையாது, மாதவிடாய் நாளென்றால் இன்னதைக் கொண்டு போ. முழங்கால் கவசத்தை ஏறும்போது கணுக்கால் வரை இறக்கிவிடு, இல்லையென்றால் தோல் உரியும். இவையெல்லாம் ஏற்றத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பின் அறியாத பெண்கள் ஒருவருக்கொருவர் சொன்னவை. கடிகாரம் ஓடாததால் கிடைத்த பேச்சு. பத்திரிகைக்காகச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இந்தப் பகுதிதான் என்று ஊகிக்கிறேன்.

இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே இது உண்டு. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலையிலிருந்து ஒவ்வொருவராக இறக்கி நேரம் பார்த்தார்கள். ஒரே இறக்கத்தில் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோய் மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அதற்கு ரீபேக் என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் வெண்டி கிராக். அவரும் அதே மலையில் ஓட்டியவர். கேமராவுக்குப் பின்னால் நின்றதால் வரலாற்றில் அவர் பார்ப்பவர் ஆனார். 1980களில் ஜாக்கி ஃபெலன் பெண்களுக்கென மலைச் சைக்கிள் சங்கம் தொடங்கியபோது அதன் பெயரிலேயே தேநீரையும் சேர்த்துக்கொண்டார். வேடிக்கைக்காக வைத்த பெயர்தான். ஆனால் மலைக்குப் போவதில் பேசி உட்காருவதும் சேர்த்தி என்று அது சொல்லிவிடுகிறது.

பெண்ணின் சைக்கிள் எழுத்துக்கு இன்னும் பழைய முன்னோடி ஃபிரான்செஸ் வில்லார்ட். மதுவிலக்கு இயக்கத் தலைவி. 53 வயதில் சைக்கிள் கற்று, 1895இல் அதைப் புத்தகமாக எழுதினார். வண்டிக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்திருந்தார். தினம் கால் மணி நேரம் வீதம் மூன்று மாதம் ஆனதாகக் கணக்குச் சொல்லும் அவர், கற்ற வரிசையையும் தருகிறார்: மிதிப்பது, திருப்புவது, இறங்குவது, கடைசியாக ஏறுவது. ஏறப் பழகும் முன் இறங்கப் பழகியிருக்கிறார். ஆண் ஒருவர் எழுதியிருந்தால் இந்த வரிசையைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வண்டியிலிருந்து இறங்குவதும் மலையிலிருந்து இறங்குவதும் தமிழில் ஒரே சொல். நான் படித்ததில் நல்ல கட்டுரைகள் இரண்டையும் பிரிப்பதில்லை. எந்தப் பாறைக்கு முன் இறங்கித் தள்ளலாம், எந்தப் பக்கம் காலை ஊன்றினால் சறுக்காது, அப்புறம் எங்கே மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று எழுதுகிறார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினாலும் சிப் நேரத்தைப் பதிவு செய்துகொள்கிறது.