‘மலை நிற்கும்’, ‘மலை நிற்கின்றது’: நிகழ்காலம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் காலம் மூன்று என்பது தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்த செய்தி. இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனத் தொல்காப்பியனார் வினையியலில் வகுத்தார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் அவ்வகுப்பை ஏற்றார். பிரிக்பீல்ட்ஸ் ஆயினும் கிள்ளான் ஆயினும் தமிழ் கற்பிக்கும் வகுப்பறைக் கரும்பலகையில் செய்தான், செய்கிறான், செய்வான் என்னும் மூன்று கட்டங்கள் இடம்பெறுவது இதன் பயனே.

அவ்வட்டவணை தவறன்று. அதனையே முழு இலக்கணம் என்று கொண்டு மாணவர் வாக்கியங்களுக்குத் தீர்ப்பு வழங்கும்போதுதான் குறை பிறக்கிறது. “சூரியன் கிழக்கில் உதிக்கும்” என்று மாணவன் எழுதினால், “உதிக்கும் என்பது எதிர்காலம், உதிக்கிறது என்று எழுது” எனத் திருத்துவாருண்டு. “நாளை நாங்கள் கிள்ளானுக்குப் போகிறோம்” என்று எழுதினால், “நாளை என்றபின் போகிறோம் பொருந்தாது” என்று மதிப்பெண் குறைப்பாரும் உண்டு. இத்தீர்ப்புகள் நம் இலக்கணத்திற்கு ஒத்தனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நிகழ்காலம் பற்றி அறிஞரிடையே இரு கூற்றுகள் வழங்குகின்றன. கிறு, கின்று என்னும் இடைநிலைகள் பிற்காலத்தன. ஆதலின் பண்டைத் தமிழர்க்கு நிகழ்காலமே இல்லை என்பார் ஒருசாரார். தொல்காப்பியர் மூன்று காலம் கூறினார். ஆதலின் அவ்விடைநிலைகள் அன்றே வழக்கில் இருந்திருத்தல் வேண்டும் என்பார் மறுசாரார். இருசாராரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். காலம் வேறு, காலங்காட்டும் உருபு வேறு. ஒரு காலத்திற்கெனத் தனியுருபு இல்லாமையால் அக்காலத்தை அம்மொழியார் உணரவில்லை என்று கொள்வது, நீலத்திற்கும் பச்சைக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியார் கண்ணால் அவற்றை வேறுபடுத்தி அறியார் என்பது போன்றதாகும்.

சான்றுகளை நோக்குவோம். தொல்காப்பியர் காலம் மூன்று என்றாரேயன்றிக் காலங்காட்டும் இடைநிலைகளைப் பிரித்துப் பட்டியலிட்டாரல்லர். சங்கப் பாடல்களில் இறந்தகால வடிவம் தனித்து நிற்க, மற்றொரு வடிவமே நிகழ்வையும் எதிர்வையும் ஒருங்கே சுமக்கின்றது. செய்யும் என்னும் முற்றை நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவென்றே உரையாசிரியர்கள் கொண்டனர். கின்று என்பது தொகைநூல்களில் மிக அருகியே தோன்றிப் பின்னர்ப் பக்திப் பாடல்களில் பெருகி வளர்ந்தது. நன்னூலார் காலத்தில் அது முழுவதும் வேரூன்றிவிட்டமையால், அவர் ஆநின்று, கின்று, கிறு என மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக விதந்து கூறினார்.

இம்மாற்றத்தை ஒரே நொடியில் விளங்கவைக்கும் சான்று ஒன்று உண்டு. மூன்று காலத்தும் ஒரு தன்மையாய் இயல்வனவற்றை நிகழ்காலத்தால் கூறவேண்டும் என்பது தொல்காப்பியர்க்கும் பவணந்தியார்க்கும் பொதுவான விதி. இவ்விதிக்குத் தொல்காப்பிய உரையில் காணப்படும் எடுத்துக்காட்டு ‘மலை நிற்கும்’ என்பது. நன்னூல் உரையில் காணப்படுவதோ ‘மலை நிற்கின்றது’ என்பது. விதி ஒன்று, மலையும் ஒன்று, வினை மட்டும் உருமாறிற்று. அப்பழைய வடிவம் மறைந்துவிடவுமில்லை. நன்னூலாரே செய்யும் என்னும் முற்றுக்கு நிகழ்வும் எதிர்வும் உரியவென்று கூறிச் சென்றார். ஆகவே “சூரியன் கிழக்கில் உதிக்கும்” என்று எழுதும் மாணவன் தொல்காப்பிய நெறியிலேயே நிற்கின்றான். அவனைத் திருத்துவார்தாம் பாதி நூலை மறந்தனர்.

இறந்தகாலத்திற்கு இத்தகைய தடுமாற்றம் நேரவில்லை. வந்தான், கண்டான், சென்றான் என்பன அன்றும் இன்றும் ஒரே பொருளன. முடிந்த செயல் எல்லையுடையது. ஆதலின் அதன் சொல்லும் உறைந்து நிற்கும். நிகழும் செயலோ எல்லையற்றது. இக்கணம் நடப்பதும் நாள்தோறும் நடப்பதும் என்றும் உள்ளதும் ஒரே பெயரால் நிகழ்வு எனப்படுகின்றன. இத்தனையையும் ஒரே வடிவம் நெடுங்காலம் தாங்குவது அரிது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆர்மீனிய மொழியை எடுத்துக்கொள்வோம். அம்மொழியினர் நமக்கு முற்றும் அயலாரல்லர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794இல் சென்னையில் வெளியிட்டவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார். சென்னையிலும் பினாங்கிலும் ஆர்மீனியர் பெயரால் தெருக்கள் இன்றும் உள்ளன.

மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் 405ஆம் ஆண்டளவில் எழுத்து வகுத்தளித்த பழைய ஆர்மீனியத்தில் ‘கிரெம்’ என்றால் எழுதுகிறேன் என்பது பொருள். ‘கிரெத்சி’ என்றால் எழுதினேன். இன்றைய ஆர்மீனியத்திலும் கிரெத்சி எழுதினேன் என்றே நிற்கின்றது. ஆனால் தனித்து நிற்கும் கிரெம், நான் எழுதவேண்டும், எழுதுவேனாக என்னும் விழைவுப் பொருளுக்கு ஒதுங்கிவிட்டது. நிகழ்காலத்திற்குப் புதுவடிவம் வேண்டியதாயிற்று. கிழக்கு ஆர்மீனியர் ‘கிரும் எம்’, அதாவது எழுதுதலில் இருக்கிறேன் என்றனர். மேற்கு ஆர்மீனியரோ பழைய வடிவத்தின்முன் ‘கு’ என்றோர் இடைச்சொல்லைச் சேர்த்தனர். நிற்கிறது, உள்ளது எனப் பொருள்படும் பழைய வினையொன்றினின்று இச்சொல் பிறந்தது என்பது மொழிநூலார் பலர் கருத்து. நம் செய்யாநின்றான் என்பதிலும் நில் என்னும் வினையே நிகழ்காலம் காட்டுகின்றது. தொடர்பில்லா இரு மொழிகள், ஓடும் காலத்தைப் பிடிக்க ‘நிற்றலை’ நாடியமை வியக்கத்தக்கது.

ஆர்மீனியம் காட்டும் பாடம் தெளிவு: இறந்தகாலம் நிலைக்கும், நிகழ்காலம் புதுப்பிக்கப்படும். தமிழில் இப்புதுப்பித்தல் இன்றும் நடைபெறுகின்றது. “அவன் என்ன செய்கிறான்?” என்று கேட்டால், “ஆசிரியராக இருக்கிறான்” என்றும் விடை வரும். இக்கணத்துச் செயலையே குறிக்க வேண்டின் “சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்” என்கிறோம். ‘கொண்டிரு’ என்னும் துணைவினை அவ்விடத்தைப் பெரிதும் கைப்பற்றிவிட்டமையால், செய்கிறான் என்பது விரிந்து வழக்கத்தையும் உறுதிசெய்த எதிர்காலத்தையும் ஏற்கின்றது. “நாளை போகிறோம்” என்பது இவ்வாறு வந்ததே.

இதற்கும் நூலில் இடமுண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் காலங்கள் ஏற்ற இடத்தில் மயங்கிவரும் என்று நன்னூலார் வகுத்தார். அழைத்தவர்க்கு, எழாத முன்னரே “இதோ வந்துவிட்டேன்” என்று விடையிறுப்பது விரைவு. பயணச்சீட்டும் எடுத்தாயிற்று, நாளை போகிறோம் என்பது தெளிவு. இவ்விதியை மனப்பாடம் செய்வித்துத் தேர்வில் கேட்கும் நாம், மாணவன் அதனைத் தன் எழுத்தில் கையாளும்போது தண்டிப்பது முரண் அன்றோ?

மூன்று கட்ட அட்டவணைக்கு அடங்காத இன்னொன்று எதிர்மறை. செய்யான், செய்யாது என்பவற்றில் காலங்காட்டும் இடைநிலை இல்லை. போகவில்லை என்பது, நேற்றுப் போகவில்லை என இறப்புக்கும், இப்போது போகவில்லை என நிகழ்வுக்கும் பொதுவாய் நிற்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாணவர்க்கு இவ்விளக்கம் மிகவும் தேவை. அவர்கள் ஒரே நாளில் மூன்று மொழி பயில்கின்றனர். மலாய்மொழி வினை காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. சூடா, செடாங், அக்கான் என்னும் சொற்கள் வேண்டுமிடத்து முன்வந்து முடிந்தது, நடப்பது, வருவது எனக் காட்டும். ஆங்கிலமோ நாள்தோறும் நடப்பதற்கு ஒரு வடிவும் இக்கணம் நடப்பதற்கு மற்றொரு வடிவும் கொள்ளும். தமிழின் மூன்று கட்டங்களை இவற்றின்மேல் அப்படியே பொருத்தினால், செடாங் என்பதற்கு எப்போதும் கிறு, அக்கான் என்பதற்கு எப்போதும் வ் என்று எழுதும் உயிரற்ற தமிழே விளையும். பிழைக்கு அஞ்சிய பிள்ளை தன் வீட்டில் பேசும் நல்ல தமிழையும் பிழையென்றெண்ணிக் கைவிடும். மதிப்பெண் இழப்பினும் பெரிய இழப்பு இது.

எனவே அட்டவணையை அழிக்க வேண்டுவதில்லை. அதனோடு நில்லாதிருத்தலே வேண்டுவது. வடிவத்தைக் கற்பித்தபின், அவ்வடிவம் எவ்வெப் பொருளுக்கு வரும் என்பதனை மாணவர் வாய்மொழியிலிருந்தே எடுத்துக் காட்டலாம். தாய்மொழியைப் பிற மொழிகளோடு ஒருங்குவைத்து நோக்கும் நெறி இந்நகர்க்குப் புதிதன்று; 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது கோலாலம்பூரிலேயாகும். அந்நோக்கு ஆராய்ச்சி அரங்கோடு அமையாது தொடக்கப்பள்ளிக்கும் இறங்கிவருதல் வேண்டும். சிவப்பு மையைத் தொடுமுன், மாணவனின் வாக்கியத்திற்கு நன்னூலில் விதி உண்டா என்று ஒருமுறை நோக்குதல் ஆசிரியர் கடன்.